அடையாளம் சொல்லுங்க தம்பி!

காலை எட்டரை மணி இருக்கும். சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பழைய தோட்டம் ஒன்றின் செம்மண் பாதையில் நாங்கள் நான்கு பேர் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் நான். நடுவில் இரண்டு பேர். கடைசியில் பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி.

வெட்டிப் போட்டிருந்த ஓலைக் குவியலுக்குள்ளிருந்து காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு பாய்ந்து பாதையைக் கடந்தது. என் குதிரை காதை நிமிர்த்தி நின்றுவிட்டது. கடைசிக் குதிரை நிற்கவில்லை. பக்கவாட்டில் துள்ளியது; அந்தப் பெண் தரையில் விழுந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு கரிய வால் மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி அதுவும் இல்லை.

அந்தக் குதிரையின் பெயர் ராணி. எங்கள் லாயத்திற்கு வந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. புதுக் குதிரையை, அதுவும் அனுபவமில்லாத ஒரு பெண்ணோடு, வரிசையின் கடைசியில் விட்டது என் தவறு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறேன்.

லயத்திலிருந்து லாயத்திற்கு

என் அப்பா பால்மரம் வெட்டியவர். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். பிழைத்தது குதிரை லாயத்தில். பத்தொன்பது வயதில் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் குதிரை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மலாய்க்காரர்கள் 'சயிஸ்' என்பார்கள். நம்மவர்கள் குதிரைக்காரன் என்பார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சாணம் அள்ளி, தண்ணீர் வைத்து, உடம்பு தேய்த்து, குளம்பு சுரண்டி, ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் குளிப்பாட்டி நடக்க வைக்கும் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்தேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் விட்டுவிட்டேன்.

இப்போது வார இறுதியில் மட்டும் சிம்பாங் பூலாய் பக்கம் உள்ள ஒரு சிறிய லாயத்திற்குப் போகிறேன். ஈப்போவிலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவுதான். 'சிம்பாங்' என்றால் சந்திப்பு. 'பூலாய்' நம் ஊரில் ஏழிலைப்பாலை என்கிற மரம். பெயருக்கேற்றபடி இன்றைக்கும் சாலைகள் சந்திக்கிற இடம்தான் அது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் சாவடி, கேமரன் மலைக்கு ஏறும் சாலை, கல்லுடைப்பு ஆலைகளிலிருந்து இறங்கும் லோரிகள் எல்லாம் அங்கேதான். ஒரு குதிரை தனியாகத் திரிவதற்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

அதோடு கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய காலத்துக் குட்டைகளும் உண்டு. மேலே பார்த்தால் புல் முளைத்த மண் போலிருக்கும். அடியில் கழிவுச் சேறு. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு அதில் கால் வைத்தால் தானாக வெளியே வருவது கடினம். எனக்கு லோரியைவிட அந்தச் சேற்றை நினைத்துத்தான் வயிற்றைக் கலக்கியது.

துரத்தினால் போச்சு

முதலில் மனுஷி, பிறகுதான் குதிரை. அந்தப் பெண்ணை அசையாமல் படுக்கவைத்து கழுத்து, முதுகு, கை, கால் எல்லாம் கேட்டுப் பார்த்தோம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. தலைக்கவசத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அது தலையில் விழுந்திருக்க வேண்டிய கீறல்.

"அங்கிள், நாம துரத்திப் போகலாம்" என்றார் கூட வந்த இளைஞர். வேண்டாம் என்றேன்.

குதிரை வேட்டையாடும் விலங்கல்ல, வேட்டையாடப்படும் விலங்கு. பின்னால் குளம்புச் சத்தம் கேட்டால் ஏதோ துரத்துகிறது என்றே அதன் உடம்பு முடிவெடுக்கும். இன்னும் வேகமாக ஓடும். விட்டுவிட்டால், பாதுகாப்பு என்று தோன்றும் தூரம் வரை ஓடி, நின்று, திரும்பிப் பார்க்கும். பெரும்பாலும் மற்றக் குதிரைகள் நிற்கும் இடத்திற்கே மெல்ல வந்துவிடும். அது கூட்டத்தில் வாழும் பிராணி. தனிமைதான் அதற்குப் பெரிய பயம். ஆகவே மூன்று குதிரைகளையும் ஒரே இடத்தில் நிறுத்தி, இறங்கி, சத்தமில்லாமல் இருபது நிமிடம் காத்திருந்தோம்.

ராணி வரவில்லை.

கூட்டத்திற்கு வராத குதிரை அடுத்துச் செய்வது, வந்த வழியே லாயத்திற்குத் திரும்புவது. லாயத்திற்கு அழைத்துக் கேட்டோம். அங்கேயும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வாரத்திற்கு முன் வந்த குதிரைக்கு எங்கள் லாயம் எப்படி வீடாகும்? அதற்கு இந்த மூன்று குதிரைகளும் அன்னியம். இந்தப் பாதையும் அன்னியம். திரும்பி வர அதற்கு இடமே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாணவியின் கைப்பேசி சேணத்தில் தொங்கிய பையில் இருந்தது. குதிரையோடு அதுவும் போய்விட்டது. "அழைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டு, யாரும் யோசிப்பதற்குள் ஒருவர் அழைத்தும் விட்டார். விலாப் பக்கத்தில் ஒன்று திடீரென்று அதிர்ந்து பாட்டுப் பாடினால் பயந்த குதிரை என்ன செய்யும்? நாங்கள் அழைக்க அழைக்க அது ஓடியிருக்கும். நல்ல வேளையாகக் குன்றுகளுக்கு இடையில் தொடர்பு கிடைக்காமல் போனது.

செம்மண் சொன்ன செய்தி

மற்ற மூவரையும் குதிரைகளோடு லாயத்திற்கு அனுப்பிவிட்டு நான் நடந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் ஈரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்த தடம் விடும். குதிரைத் தடம் ஒரே வட்டம். லாடம் அடித்த குதிரையென்றால் விளிம்பு கத்தியால் வெட்டியது போலத் தெளிவாக இருக்கும். சாணமும் அப்படித்தான். மாட்டுச் சாணம் வரட்டி போலப் பரவும். குதிரைச் சாணம் கொழுக்கட்டை உருண்டைகளாகக் கிடக்கும். உருண்டையை உடைத்துப் பார்த்து உள்ளே சூடும் ஈரமும் இருந்தால் குதிரை அண்மையில்தான் கடந்திருக்கிறது.

தடங்கள் முதலில் ஆழமாகவும் அகலமான இடைவெளியோடும் இருந்தன. அது நாலுகால் பாய்ச்சல். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் இடைவெளி குறைந்தது, நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஓடைக்கரையில் இடக்கால் தடத்துக்குப் பக்கத்தில் அறுந்த கடிவாள வார் கிடந்தது. தொங்கிய வாரைத் தானே மிதித்து அறுத்திருக்கிறாள். வார் அறுந்தது நல்லது. அறுபடாமல் வேரிலோ முள்கம்பியிலோ சிக்கியிருந்தால் தலையை இழுத்து இழுத்தே வாயைக் கிழித்துக்கொண்டிருப்பாள்.

ஓடைக்கு அப்பால் கல் பாவிய லோரிப் பாதை. தடம் அங்கே முடிந்தது.

இதற்கிடையில் லாயத்தில் இருந்தவர்கள் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். கல்லுடைப்பு ஆலையின் காவலாளிகளிடமும், செம்பனை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களிடமும் சொல்லிவிட்டார்கள். வாட்சாப் குழுக்களிலும் போட்டார்கள். போட்ட செய்தி என்ன தெரியுமா? "பழுப்பு நிறக் குதிரை காணவில்லை."

மதியத்திற்குள் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒருவர் பார்த்தது சாம்பல் நிற மட்டக்குதிரை; அது தன் சொந்தக்காரர் வீட்டு வாசலில் கட்டித்தான் கிடந்தது. மற்றவர் பார்த்தது மாடு.

நான்கு மணிக்கு மழை பிடித்தது. இருந்த தடங்களும் கரைந்தன.

முனியாண்டி குதிரை

மாலை ஏழு மணிக்கு ஒரு செம்பனைத் தொழிலாளி அழைத்தார். லயங்கள் இடிக்கப்பட்ட பழைய தோட்டத்து மூலையில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது, அந்தப் பக்கம் குதிரை நடமாட்டம் என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். நம் தோட்டத்துக் கோயில்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் சிமெண்டில் செய்து வெள்ளையடித்த குதிரை ஒன்று நிற்கும். மழை இருட்டில் லாடச் சத்தம் கேட்டதும், முனியாண்டியே குதிரையேறிக் காவலுக்குக் கிளம்பிவிட்டார் என்று ஒருவர் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாராம்.

மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை வீடு. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். தோட்டம் இருந்த காலத்தில் பால் வெட்டியவர். தோட்டம் போன பிறகும் மாடுகளை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்.

"அம்மா, எங்க குதிரை ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சுன்னு..."

"வந்துச்சு. எம் மாட்டோட மாடா நின்னுச்சு. பின்னால கட்டியிருக்கேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாடுகளைத் தேடி வந்திருக்கிறாள்! குதிரைக்குக் குதிரை கிடைக்காவிட்டால் மாட்டோடாவது சேர்ந்துகொள்ளும். கொட்டகையை நோக்கி நடந்தேன். மூதாட்டி கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுங்க. உங்க குதிரைன்னு எப்படி நம்புறது? அடையாளம் சொல்லுங்க தம்பி."

"பழுப்புக் குதிரைம்மா. பிடரி கறுப்பு. முதுகில சேணம்..."

"அதெல்லாம் பார்த்தவன் எவனும் சொல்லுவான். கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்க."

கோபம் வரவில்லை என்றால் பொய். காலையிலிருந்து சோறு இல்லை, முழங்கால் வீங்கியிருந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது என்னை நிறுத்தியது.

பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய செவலைப் பசு ஒன்று மேய்ச்சலில் காணாமல் போயிருக்கிறது. தேடித் தேடி, வெகு தூரத்தில் ஒருவருடைய பட்டியில் அதைப் பார்த்துவிட்டார். "இது என் மாடு" என்றிருக்கிறார். "என்ன அடையாளம்?" என்று கேட்டிருக்கிறார்கள். காதில் வில்லை இல்லை, சூடு இல்லை, ஒரு படம்கூட இல்லை. கயிற்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

"எட்டு மாசம் பால் கறந்த கைக்கு அடையாளம் தெரிஞ்சுது தம்பி. வாய்க்குச் சொல்லத் தெரியல. இன்னைக்கு உங்க கையில இதைக் குடுத்துட்டு, நாளைக்கு இன்னொருத்தன் அழுதுகிட்டு வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

சுழி பார்த்தல்

எங்கள் லாயத்து நிர்வாகியை அழைத்து ராணியின் படங்களை அனுப்பச் சொன்னேன். வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் யாராவது ஒரு பிள்ளை குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது. குதிரையின் பாதி முகம் தெரிந்தது. வலது தோள் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. பின்னங்கால் தெரியும் படமும் இல்லை.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு வாரம் அவளைத் தேய்த்துவிட்ட பழக்கம்தான். சொல்ல ஆரம்பித்தேன்.

"நெத்தி மயிரை ஒதுக்கிப் பாருங்கம்மா. சுழி ஒண்ணு இருக்காது, ரெண்டு இருக்கும். ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு."

மாடு வளர்க்கிறவருக்குச் சுழி பற்றி விளக்க வேண்டுமா? அவர் முகம் மாறியது. ரெட்டைச் சுழி உள்ள பிள்ளையைக் குறும்புக்காரன் என்று சொல்கிற சமூகம் நாம். மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் எந்தச் சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதிர்ஷ்டம் கணித்தவர்கள் நம் முன்னோர்கள். அதிர்ஷ்டத்தை நான் நம்புவதில்லை. ஆனால் சுழியை நம்புகிறேன். ஒரு குதிரையின் நெற்றி, கழுத்து, மார்பு, விலா ஆகிய இடங்களில் மயிர் சுழிக்கும் விதம் இன்னொரு குதிரைக்கு அப்படியே அமைவது அரிது, வயதாலும் மாறாது. உலகெங்கும் குதிரைகளுக்குக் கொடுக்கப்படும் கடப்பிதழில் குதிரையின் படம் வரைந்து, சுழி உள்ள இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போடுவார்கள். நம் பாட்டன்மார் நல்லது கெட்டது பார்த்த அதே சுழியை அவர்கள் ஆள் அடையாளத்திற்குப் பார்க்கிறார்கள்.

"அப்புறம்?"

"வலது தோள்ல நம்பர் இருக்கும். மேலே 23, கீழே ஒரு கோடு, அதுக்கும் கீழே 9."

ஆஸ்திரேலியாவில் பிறக்கும் பந்தயக் குதிரைகளின் முகவரி அது. இடது தோளில் பிறந்த பண்ணையின் முத்திரை இருக்கும். வலது தோளில் மேலே இருப்பது அந்தப் பண்ணையில் அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகளில் இது எத்தனையாவது என்பது; கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். 9 என்றால் 1999-ஆ, 2009-ஆ என்பதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ராணி 2009-இல் பிறந்தவள். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் போடும் சூடு ஒரு வகை. மைனஸ் 196 பாகைக் குளிரில் உள்ள திரவ நைட்ரஜனில் தோய்த்த இரும்பை வைப்பது இன்னொரு வகை. குளிர்ச் சூடு மயிருக்கு நிறம் கொடுக்கும் அணுக்களை அழித்துவிடும். அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்து எண் பளிச்சென்று தெரியும்.

மூதாட்டி டார்ச் விளக்கோடு கொட்டகைக்குள் போனார். நான் மழையில் நின்றேன். சில நிமிடங்கள் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"இருபத்து மூணு சரிதான். கோடும் இருக்கு. ஒன்பதும் இருக்கு. பின்னங்கால்?"

"இடது பின்னங்கால்ல குளம்புக்கு மேலே வெள்ளை வளையம். வலதுல இல்ல."

"வாங்க தம்பி. கை கால் கழுவிட்டு வாங்க. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

உள்ளே போனால் ராணி மாடுகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்துக் கனைத்தாள். சேணத்தின் வயிற்றுப்பட்டியை மூதாட்டியே தளர்த்திவிட்டிருந்தார். வாளியில் தண்ணீர், முன்னால் வெட்டிய புல். மாட்டுக்கு வைத்திருந்த மூட்டைத் தீவனத்தை அவர் கொடுக்கவில்லை. "தெரியாத உசிருக்குத் தெரியாத தீனி குடுக்கக்கூடாது" என்றார். அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, அதில் ஓர் உயிர் தப்பியிருக்கலாம். சில மாட்டுத் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். மாட்டுக்கு அது நன்மை. குதிரைக்குச் சிறிதளவே போதும், இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

அரிசி அளவு சிப்

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து காயங்களைப் பார்த்தார். கையோடு கொண்டுவந்த கருவியை ராணியின் கழுத்தின் இடப்பக்கத்தில் வைத்தார். பீப் என்ற ஒலியோடு 15 இலக்க எண் ஒன்று திரையில் தெரிந்தது.

இந்த மின்சில்லு பற்றி நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சிப் போட்டாயிற்று, இனி குதிரை எங்கே போனாலும் கைப்பேசியில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நாய் வளர்ப்பவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தெரியாது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சில்லில் மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவி 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும்போது மட்டும் அது விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். கருவியைச் சாண் தூரத்திற்குள் கொண்டுபோக வேண்டும். தொலைந்த குதிரையைத் தேட அது உதவாது. கிடைத்த குதிரை யாருடையது என்று நிரூபிக்கத்தான் உதவும்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சில்லில் இருப்பது எண் மட்டும். எண்ணுக்குரியவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. ராணியின் எண்ணைத் தேடியபோது பதிவேட்டில் இருந்தது எங்கள் லாயத்தின் பெயரல்ல. பந்தயக் காலத்து உரிமையாளரின் பெயர்! விற்றவரும் மாற்றவில்லை, வாங்கியவரும் மாற்றவில்லை. முதல் நாள் இரவு மூதாட்டி சில்லைக் கேட்டிருந்தால், காகிதப்படி அந்தக் குதிரை எங்களுடையதே அல்ல. பெயரை மாற்றி முடிக்கச் சில வாரங்கள் ஆயின.

அடையாளம் மனிதனை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு நம்மிடம் பழைய கதையே இருக்கிறது. பாண்டியன் லாயத்தில் கட்டிய பரிகள் இரவோடு இரவாக நரிகளாகி ஓடிய திருவிளையாடலைத்தான் சொல்கிறேன். நிறத்தையும் மிடுக்கையும் மட்டும் பார்த்து வாங்கினால் அரசனுக்கும் அந்தக் கதிதான். நிறம் குதிரையிடம் நிலையானதும் அல்ல. சாம்பல் குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுதோறும் வெளுத்து, கடைசியில் வெள்ளைக் குதிரையாக நிற்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் இன்று உதவாது.

தேடி வராத குதிரைகள் என்ன ஆகும் என்பதை இலங்கையின் நெடுந்தீவில் பார்க்கலாம். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் ஆளில்லாமல் வெளியில் மேய்கின்றன. நெடுஞ்சாலை இல்லாத தீவில் அவை தலைமுறைகளாகப் பிழைத்துக்கொண்டன. சிம்பாங் பூலாயில் ஒரு குதிரை ஓர் இரவைத் தாண்டுவதே பெரிய காரியம்.

இப்போது நாங்கள் செய்வது

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் லாயத்தில் சில பழக்கங்கள் வந்துவிட்டன. குதிரை வைத்திருப்பவர்கள் நம்மில் குறைவு. ஆனால் மாடு, ஆடு, நாய் வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

ஒவ்வொரு குதிரைக்கும் எட்டுப் படங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின், நெற்றிச் சுழி, தோள் முத்திரை, நான்கு கால்கள், தழும்புகள். படத்தில் மனிதர்கள் யாரும் இருக்கக்கூடாது. முன்னங்காலின் உட்புறத்தில் முழங்காலுக்கு மேலே காய்ப்புப் போல ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'இரவுக்கண்' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. நம் கைரேகை போல அதன் வடிவமும் குதிரைக்குக் குதிரை வேறுபடும். அதையும் படம் எடுத்துவிடுகிறோம்.

சேணத்திலும் தலைக்கயிற்றிலும் தொலைபேசி எண் பொறித்த பித்தளை வில்லை. இரண்டிலும் வேண்டும், சேணம் நழுவி விழுந்துவிட்டாலும் தலைக்கயிறு மிஞ்சும். நீண்ட சவாரி என்றால் பிடரி மயிரில் ஒரு சிறு வில்லையைப் பின்னிவிடுவதும் உண்டு.

கைப்பேசி சவாரி செய்பவரின் உடம்பில் இருக்க வேண்டும். சேணப் பையில் வைத்தால், விழுந்து கிடப்பவரிடம் உதவி கேட்கக் கருவி இருக்காது.

ஏர்டேக் போன்ற சிறு வில்லைகளை மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பக்கத்தில் வேறு யாருடைய ஆப்பிள் கைப்பேசியாவது இருந்தால்தான் அது தன் இடத்தைத் தெரிவிக்கும். தாமானில் அது பயன்படும். ஆளில்லாத செம்பனைக் காட்டில் ஊமையாகக் கிடக்கும். சிம் அட்டையோடு வரும் ஜிபிஎஸ் கருவி அதைவிட மேல். ஆனாலும் குன்றுக்குப் பின்னால் தொடர்பு கிடைக்காத இடங்களை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துவைத்திருக்கிறோம்.

புதுக் குதிரையை முதல் ஒரு மாதம் வெளிச் சவாரிக்கு அனுப்புவதில்லை. லாயத்தைச் சுற்றி நடத்தி, மற்றக் குதிரைகளோடு பழகவிட்டு, இதுதான் உன் வீடு என்று அதற்கே தெரிந்த பிறகுதான் அனுப்புகிறோம். வரிசையில் அதன் இடம் நடுவில்.

ஒருவேளை வாசகர்கள் யாராவது வழியில் தனியாக நிற்கும் குதிரையைப் பார்த்தால், கையைத் தட்டி விரட்டாதீர்கள். நேராகப் பின்னாலிருந்தும் போகாதீர்கள். குதிரையால் ஏறக்குறைய முழு வட்டமும் பார்க்க முடியும். தெரியாதது நேர் பின்புறமும், மூக்குக்கு முன்னால் சிறு இடமும்தான். தோளை நோக்கிப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே மெல்லப் போங்கள். வாளியில் கொஞ்சம் கல்லைப் போட்டு ஆட்டினால்கூட தீனி என்று நினைத்து வரும். சாலையோரமாக இருந்தால் பிடிக்க முயலாமல் முதலில் 999-க்கு அழையுங்கள்.

மஞ்சள் வில்லை

மூதாட்டிக்குப் பணம் கொடுக்கப் போனோம், வாங்க மறுத்துவிட்டார். "கோயிலுக்கு ஒரு டின் வெள்ளைப் பெயிண்டு வாங்கிக் குடுங்க, குதிரை வெளுத்துப் போச்சு" என்றார். வாங்கிக் கொடுத்தோம். நானே தூரிகை பிடித்தேன். சிமெண்டுக் குதிரையின் நெற்றியில் செய்தவர் சுழி வைக்க மறந்திருந்தார்.

அன்றே அவருடைய ஆறு மாடுகளையும் என் கைப்பேசியில் படம் எடுத்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், நெற்றி, கொம்பு, வால் நுனி. கடைக்காரப் பையனிடம் கொடுத்து அச்சடித்து, ஒரு ஆல்பத்தில் போட்டு, பின்னால் தேதி எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது மாடுகளின் காதில் மஞ்சள் நிற எண் வில்லைகள் தெரிந்தன. கால்நடை அதிகாரியிடம் தானே கேட்டுப் போட்டுக்கொண்டாராம்.

ஆல்பத்தைக் காட்டச் சொன்னேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் துணியில் சுற்றி வைத்திருந்தார். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

"அது எதுக்கும்மா வெறுமனே விட்டிருக்கீங்க?"

"செவலைக்கு" என்றார். "படம்தான் இல்ல. இடமாவது இருக்கட்டும்."